காதுகுத்துக் கேசட்

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் லோகப்பிரியா தொழில் செய்துவந்தாள். பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பதுதான் தொழில். கல்யாணம், சீர், கிடாவெட்டு என்று எப்போதோ எடுத்து பீரோவின் அடியில் கிடந்ததையெல்லாம் ஜனங்கள் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அவள் பூஞ்சையைத் துடைத்து, டெக்கில் ஓட்டி, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்குவாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று காங்கேயத்திலிருந்தும் கோபியிலிருந்தும்கூட ஆட்கள் தேடி வந்தார்கள்.

டெக்கும் கம்ப்யூட்டரும் அவள் முன்பு வேலை பார்த்த ஸ்டுடியோவினுடையவை. ஸ்டுடியோக்காரர் தொழிலை விட்டபோது இவள் வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் இருபது வருஷப் பழசு. டெக்கிலிருந்து வரும் படத்தை வாங்கிக்கொள்ளும் கார்டு ஒன்று அதற்குள் இருந்தது. அது அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸை மாற்றினாலோ அப்டேட் போட்டாலோ படம் திரையில் கோடுகோடாக நெளியும். அதனால் யாரையும் அதைத் தொடவிடமாட்டாள். கணவன் மனோஜ்குமார் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். அவனையே கிட்டத்தில் விட்டதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது, படம் இறக்குவது இன்னொன்றில். அந்த இரண்டாவது ஆடி மாதத்தில் சத்தம் போட ஆரம்பித்தது. டிக் டிக்கென்று அடிக்கும், சற்று நேரம் நிற்கும், மறுபடி அடிக்கும். படம் இறக்க வேறு டிஸ்க் வேண்டும். அந்தக் காலத்துச் சின்ன டிஸ்க் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. ஈரோட்டுக் கடையில் இருந்ததெல்லாம் ஆயிரம் ஜிபி, இரண்டாயிரம் ஜிபி. ஆயிரத்தில் ஒன்றை வாங்கி, பழைய வயரோடு சேர்க்கும் கன்வெர்ட்டரையும் வாங்கிவந்து மாட்டினாள். கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் நின்றுகொண்டது. டிஸ்க்கைக் கழற்றினால் ஓடியது, மாட்டினால் நின்றது. வயரை மாற்றினாள், பின்னை மாற்றினாள், யூடியூபில் யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். ஒரு வாரம் முழுக்க முட்டிக்கொண்டும் அது அந்த டிஸ்க்கைக் கண்டுகொள்ளவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வர்ஷினி கோயமுத்தூரிலிருந்து வந்தாள்.

வர்ஷினி அவளுக்கு ஏழு வயது இளையவள். பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்து, அங்கேயே ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்து, பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். அம்மா பழனாத்தாள் மஞ்சள்காமாலையில் இறந்தபோது லோகப்பிரியாவுக்குப் பதினைந்து வயது, வர்ஷினிக்கு எட்டு. அன்றிலிருந்து தங்கைக்குத் தலை சீவிவிட்டதும், டிபன் கட்டிக்கொடுத்ததும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் லோகப்பிரியாதான். அவள் பன்னிரண்டாவது முடித்ததும், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று அப்பா காளிச்சாமி தபாலில் பி.காம் சேர்த்துவிட்டார். வர்ஷினி பன்னிரண்டாவது முடித்தபோது விவசாயக் காட்டில் ஒரு பகுதியை விற்றுக் காலேஜுக்கு அனுப்பினார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை என்று லோகப்பிரியா தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா இப்போது அவளோடுதான் இருந்தார். அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பவள் இவள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் பேச்சு சின்ன மகளிடம் போய்த்தான் நிற்கும்.

அன்று வர்ஷினி கையில் ஒரு கேசட் இருந்தது. அவளுடைய காதுகுத்தை எடுத்த கேசட். வெள்ளகோவிலில் மாமன் வீட்டை இடித்துக் கட்டும்போது அட்டாலிப் பரணில் கிடைத்ததாம். குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டிக் காது குத்தியது. அப்போது வர்ஷினிக்கு நாலு வயது. அம்மா நடமாடுகிற, பேசுகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். லோகப்பிரியாவின் காதுகுத்துக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அந்த வருஷம் மழை இல்லை, கையில் ஒன்றுமில்லை என்று சொல்வார்கள்.

"அக்கா, இதை இன்னிக்கே ஏத்திரலாமா? எனக்கு அம்மா குரலே மறந்துபோச்சு" என்றாள் வர்ஷினி.

டிஸ்க் கதையை லோகப்பிரியா சொன்னாள். தங்கை உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் கம்ப்யூட்டரைத் திறக்க அவள் அனுமதி கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. புது டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி ஏதோ செய்தாள். பிறகு அதைப் பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, திரை எழும்பும் நேரத்தில் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டி, செட்டிங்ஸ் இருக்கும் நீலத் திரைக்குள் போய், டிஸ்க்கைத் தேடும் இடத்தில் தேடாதே என்று மாற்றிவைத்தாள். ஆரம்பத்தில் தேடப் போய்த்தான் அது திணறி நிற்கிறது, விண்டோஸ் வந்த பிறகு அதுவே கண்டுகொள்ளும் என்றாள். கம்ப்யூட்டர் எழும்பியது. ஆயிரம் ஜிபியும் திரையில் தெரிந்தது.

சின்ன மகளைப் பார்க்கக் கடைக்கு வந்திருந்த காளிச்சாமி சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவ ஒரு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருந்தா. சின்னவ வந்து சித்த நேரத்துல பண்ணிப்போட்டா பாரு" என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. சந்தோஷத்தில் சொன்னார். அதுதான் லோகப்பிரியாவை அதிகமாகச் சுட்டது.

கேசட்டின் பூஞ்சையைத் துடைத்து டெக்கில் போட்டதும் அவள்தான். படம் இறங்கத் தொடங்கியதும், டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டாள். திரும்பி வந்தபோது உள்ளறையிலிருந்து உறுமி சத்தமும், அப்பா சிரிப்பதும், வர்ஷினி மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன. "அக்கா, வந்து பாரேன்" என்று வர்ஷினி இரண்டு தடவை கூப்பிட்டாள். முன்பக்கம் ஆள் வந்திருக்கிறார்கள் என்று லோகப்பிரியா சொன்னாள். ஒருவர் வந்திருந்தது உண்மைதான். அவர் போன பிறகும் அவள் உள்ளே போகவில்லை. வர்ஷினியின் விசேஷத்தை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது.

கேசட் முடிந்து பின்னால் சுற்றும்போது டெக் நாடாவைக் கடித்துவிட்டது. வெளியே எடுத்தபோது பூஞ்சை தின்ற நாடா நார்நாராகக் கிழிந்து வந்தது. வர்ஷினிக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளேதான் ஏறிவிட்டதே, பயப்படாதே என்று லோகப்பிரியா சொன்னாள். அந்த ஒரு கேசட்டே நாற்பது ஜிபி. பழைய கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் அதை வெளியே எடுக்க ஒரு நாள் போதாது, வர்ஷினியின் லேப்டாப்பிலும் அவ்வளவு இடம் காலியில்லை. அடுத்த ஞாயிறு பெரிய பென்டிரைவோடு வந்து, டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வர்ஷினி பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் லோகப்பிரியா போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது, தேட வேண்டிய அவசியமே இல்லை. வர்ஷினி செய்ததில் ஏதாவது ஒரு கோளாறு இருக்காதா என்றுதான் தேடினாள். தொழிலுக்காகக்கூட அவள் அவ்வளவு பொறுமையாக எதையும் படித்ததில்லை. அர்த்தம் தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் தேடித் தேடிப் படித்தாள். மதியச் சோற்று நேரத்தில் கிடைத்துவிட்டது.

அந்தப் பழைய விண்டோஸுக்கு நூற்றி இருபத்தெட்டு ஜிபி வரைதான் எண்ணத் தெரியும். வேறு கம்ப்யூட்டரில் தயார் செய்த பெரிய டிஸ்க்கை அதில் மாட்டினால் முழு அளவையும் காட்டும். ஆனால் நூற்றி இருபத்தெட்டைத் தாண்டி எழுத வேண்டி வரும்போது, மறுபடியும் டிஸ்க்கின் ஆரம்பத்துக்கே போய் எழுத ஆரம்பிக்கும். அங்கே முன்பு இருந்தது அழியும். எத்தனையோ பேர் அப்படிப் பறிகொடுத்துவிட்டுப் புலம்பியிருந்தார்கள். உடனே டிஸ்க்கைக் கழற்றிவிடு, ஒன்றும் எழுதாதே என்று ஒருவன் எச்சரித்திருந்தான்.

லோகப்பிரியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். காலேஜில் படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற சந்தோஷம். வர்ஷினிக்குப் போன் செய்து சொல்லலாம் என்று எடுத்தாள். என்னவென்று சொல்வது என்று யோசித்தாள். சொன்னால் தங்கை, அப்படியா அக்கா, நல்லவேளை பார்த்தாய் என்பாள். ஞாயிறு வந்து அதையும் சரிசெய்துவிடுவாள். அப்பா அதையும் அடுத்தவரிடம் சொல்வார். போனைக் கீழே வைத்தாள்.

அன்று ஒரு கல்யாணக் கேசட்டை இறக்கினாள். செவ்வாய் சும்மா இருந்தாள். புதன்கிழமை இன்னொன்றை இறக்கினாள். டிஸ்க்கில் நூற்றி இருபதுக்கு வந்து நின்றது. டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருப்பது எந்தக் கேசட் என்று அவளுக்குத் தெரியும். மற்ற கேசட்டுகள் அழிந்தாலும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், அந்த ஒன்றைத்தான் ஓட்ட முடியாது என்பதும் தெரியும். பாத்திரம் கழுவும்போதும், அப்பாவுக்கு வெந்நீர் வைக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அழிக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. அவள் எதையுமே முடிவு செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை சென்னிமலைக்காரர் ஒருவர் வந்து, தன் மகளின் சீர் கேசட் எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் அந்தக் கேசட்டை டெக்கில் போட்டு ஓடவிட்டாள். நூற்றி இருபத்தைந்து. நூற்றி இருபத்தேழு. எழுந்து முன்பக்கம் வந்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையைத் துடைத்தாள். உள்ளே யார் வீட்டுச் சீரோ நடந்துகொண்டிருந்தது. தட்டு எடுத்துவரச் சொல்லி ஒரு பெண் கத்தினாள். போய் ஒரு பட்டனை அமுக்கினால் நின்றுவிடும். ஜன்னலோரம் போய் நின்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள். கோயமுத்தூர் பஸ் ஒன்று வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. வெகுநேரம் கழித்து ஓடிப்போய் பட்டனை அமுக்கினாள்.

அதற்குள் திரை உறைந்துபோயிருந்தது. அணைத்துப் போட்டாள். விண்டோஸ் வந்தது. அந்த டிஸ்க் மட்டும் வரவில்லை.

வர்ஷினிக்குப் போன் செய்து, டிஸ்க் தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். தங்கை ஞாயிறு வரை காத்திருக்காமல் மறுநாள் லீவு போட்டு வந்தாள். லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். டிஸ்க் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. அவளும் போனில் தேடினாள். லோகப்பிரியா அரைநாள் தேடியதை அவள் சற்று நேரத்தில் கண்டுபிடித்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான்தான் பாக்காம செஞ்சுபோட்டேன். பெரிய இவளாட்டம் வந்து அவசரப்பட்டுச் செஞ்சுபோட்டேன்க்கா" என்றாள்.

அன்றும் காளிச்சாமி கடைக்கு வந்திருந்தார். "கொஞ்சம் ரோசிச்சுச் செஞ்சிருக்கலாம் கண்ணு" என்று சின்ன மகளிடம் சொன்னார். அவர் வர்ஷினியைக் குறை சொல்லி லோகப்பிரியா கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ வருஷமாக அதைக் கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். கேட்டபோது, தங்கை சின்னப்பிள்ளை மாதிரி சுடிதார் நுனியில் மூக்கைத் துடைப்பதுதான் கண்ணில் பட்டது.

அப்பா தண்ணீர் குடிக்கக் கீழே போன நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"எனக்குத் திங்கக்கெழமையே தெரியும் வர்ஷினி."

வர்ஷினி நிமிர்ந்தாள். "என்ன தெரியும்?"

"நூத்தி இருபத்தெட்டத் தாண்டுனா அழியும்னு. படிச்சேன். தெரிஞ்சேதான் நேத்து கேசட்டு போட்டேன்."

வர்ஷினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவில்லை, புரியாமல் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். லோகப்பிரியாவுக்கு வேறு காரணம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"எனக்கு எரிஞ்சுது" என்றாள். "நீ வந்து தொட்ட ஒடனே அது ஓடுச்சு. அப்பா அப்படிச் சொன்னாரு. எனக்கு எரிஞ்சுது, அவ்வளவுதான்."

வர்ஷினி டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி, ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். லேப்டாப்பை மூடினாள். படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அம்மாவ நீங்க பதினஞ்சு வருஷம் பாத்துருக்கீங்க. எனக்கு அந்தக் கேசட்டு மட்டும்தாங்க" என்றாள்.

அக்காவை அவள் அதுவரை நீங்க என்று சொன்னதில்லை. கீழே அப்பாவிடம் ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போனது மாடிக்குக் கேட்டது. நடந்தது என்னவென்று அவரிடம் அவள் சொல்லவில்லை.

மூன்று வாரம் போன் இல்லை. லோகப்பிரியா செய்தால் எடுக்கவில்லை. கடையில் வந்த கேசட்டுகளுக்கெல்லாம் நாள் தள்ளிச் சொன்னாள். மனோஜ்குமார் என்ன நடந்தது என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அது உன் அம்மாவும்தானே என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாவது வாரம் வர்ஷினியிடமிருந்து போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கூடவே இரண்டு வரி. டிஸ்க்கில் அழிந்தது போக மீதியை ஒரு மென்பொருள் வைத்து மீட்டுவிட்டதாகவும், முதல் அரை மணி நேரம் மட்டும் போய்விட்டதாகவும், வியாழக்கிழமை நூற்றி இருபத்தெட்டைத் தாண்டிய பிறகு அவ்வளவு நேரம்தான் ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தாள்.

லோகப்பிரியா கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தாள்.

மொட்டை அடித்ததும், மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தியதும் இல்லை. படம் பந்தியில் ஆரம்பித்தது. கோயில் ஆலமரத்தடியில் சொந்தபந்தம், ஒறம்பரை ஜனம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. நாலு வயது வர்ஷினி அழுது களைத்துத் தூங்கிப்போயிருக்க வேண்டும். மாமன் தோளில் மொட்டைத் தலை மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அதற்குப் பிறகு அவள் படத்திலேயே இல்லை. அம்மா இருந்தாள். பச்சைச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குழம்பு வாளியோடு நடந்தாள். அவள் பின்னாலேயே பதினோரு வயது லோகப்பிரியா அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா திரும்பி, வாளியைக் கீழே வைத்துவிட்டு, மகளின் அவிழ்ந்த ரிப்பனை இறுக்கிக் கட்டி, கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். "சோறு தின்னயா லோகு?" என்று கேட்டாள். படம் பிடித்தவன் அதை வெகுநேரம் பிடித்திருந்தான். பிறகு பந்தி முடிந்து, பாத்திரம் அடுக்கி, வண்டி கிளம்பும் வரைக்கும் அம்மாவும் அவளுமாகவே வந்துகொண்டிருந்தார்கள்.

வர்ஷினி இதைப் பலமுறை பார்த்திருப்பாள். தன்னுடைய பங்கு முழுதும் போய், அக்காவினுடையது மட்டும் மிச்சமாகி இருப்பதைப் பார்த்த பிறகும் அதை அனுப்பியிருக்கிறாள். லோகப்பிரியா வீடியோவைப் பாதியில் நிறுத்தினாள். ஒருகாலத்தில் இதைவிடப் பெரிதாக வேறெதையும் அவள் கேட்டிருக்கமாட்டாள். இப்போது அதைத் தொடர்ந்து பார்க்கக் கண் கூசியது.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, கோயமுத்தூர் பஸ் ஏறி, பீளமேட்டில் இறங்கினாள். தங்கை வீட்டுக்கு அவள் அதற்குமுன் ஒரே தடவைதான் வந்திருக்கிறாள். பால் காய்ச்சிய அன்றைக்கு. வர்ஷினி கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். ஊரில் வீட்டுக்கு வரும் எந்த ஒறம்பரைக்கும் செய்கிற மரியாதை. எதிரில் உட்காராமல் கட்டில் மேல் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

மன்னிப்பு கேட்கும் வார்த்தைகளைப் பஸ்ஸில் வரும்போதே லோகப்பிரியா சேர்த்து வைத்திருந்தாள். அவற்றைச் சொன்னாள். வர்ஷினி ம் என்றாள். துணி மடிப்பது நிற்கவில்லை.

"போனது அந்த அரை மணி நேரம்தான" என்றாள் லோகப்பிரியா. "அது எனக்குத் தெரியும். நான் அங்கதான் நின்னேன். கேக்கறியா?"

தங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சட்டையை மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள்.

லோகப்பிரியா சொல்ல ஆரம்பித்தாள். விடியும் முன்னே வண்டி கட்டிக் கிளம்பியதையும், வழியெல்லாம் வர்ஷினி புதுப் பாவாடையை யாரையும் தொடவிடாமல் பிடித்துக்கொண்டு வந்ததையும் சொன்னாள். மொட்டை அடிக்கும்போது அவள் நாவிதரின் கையைக் கடித்துவிட்டாள். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். சந்தனம் பூசியதும், பலாச்சுளையாட்டம் இருக்கிறாள் என்று சொல்லித் தலையில் முத்தம் கொடுத்தாள். காது குத்தும்போது மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று அழுததால் அம்மாவே ஓடிவந்து முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அம்மா என்ன சொன்னாங்க?" என்று வர்ஷினி கேட்டாள். இன்னும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'இங்க பாரு சாமி, என்ற மூஞ்சிய மட்டும் பாரு. வேற எங்கயும் பாக்காத'ன்னாங்க. நீ அவங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்த. குத்துனது உனக்குத் தெரியல. முடிஞ்சப்புறமேட்டுக்குத்தான் மறுபடி அழுத."

வர்ஷினி கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மா என்னைத் தூக்கிட்டாங்களா?" என்றாள்.

"தூக்கிட்டாங்க. நீ தூங்கற வரைக்கும் எறக்கவேயில்ல. பெரியம்மா கேட்டாங்க, தரல. நான் கேட்டேன், எனக்கும் தரல" என்றாள் லோகப்பிரியா.

அதைச் சொல்லும்போது அந்தப் பழைய எரிச்சல் நெஞ்சுக்குள் ஒரு முறை சுரீரென்று எழுந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அம்மாவின் தோளில் தங்கை எந்தப் பக்கம் தலை சாய்த்திருந்தாள், அம்மா என்ன முணுமுணுத்துத் தட்டிக்கொடுத்தாள் என்று, நினைவில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.